இசக்கியின் இடத்தில் யார்?

ஜூன் 18, செவ்வாய்

கல்லூரி திறந்தாயிற்று. கூடைப்பந்து மைதானத்தின் வடக்கு ஓரத்தில் நெருஞ்சி முளைத்துக் கிடக்கிறது. ஒரு வளையத்தில் வலை பாதி அறுந்து தொங்குகிறது. புது வலைக்கு எழுதிக் கொடுத்தேன். ஆகஸ்டில் வரும் என்றார் ஸ்டோர்காரர். எந்த வருஷத்து ஆகஸ்ட் என்று சொல்லவில்லை.

செப்டம்பரில் மண்டலப் போட்டி. இந்தக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஜூனிலேயே நோட்டைத் திறந்து அணியை எழுதிப் பார்ப்பது என் பழக்கம். பந்தைத் தட்டிக் கொண்டுபோகிற பிள்ளைகளைப் பற்றிக் கவலை இல்லை, போன வருடத்தவர்களே இருக்கிறார்கள். கவலையெல்லாம் முன்வரிசைதான். வளையத்துக்கு அடியில் நின்று, இடித்து மோதிப் பந்தைப் பிடிக்கிற மூன்று இடங்கள். இரண்டு ஃபார்வர்டு, நடுவில் உயரமான ஆளாக ஒரு பிவட். நாற்பது நிமிட ஆட்டத்தில் அந்த மூன்று இடங்களையும் ஐந்து பேராவது மாறி மாறி நிரப்ப வேண்டும். மூன்று பேரையே முழுக்க ஆடவிட்டால் கடைசிப் பத்து நிமிடத்தில் குதிக்க ஆள் இருக்காது.

ஃபார்வர்டு: ரஹ்மத் நிஷா (கேப்டன்). இன்னொன்று தேவி. பிவட் என்று எழுதி, கை பழக்கத்தில் பக்கத்தில் இசக்கி என்று எழுதிவிட்டேன். பிறகு கோடு போட்டு அடித்தேன்.

இசக்கியம்மாளுக்கு பிப்ரவரியில் முழங்கால் போய்விட்டது. தூத்துக்குடியில் கல்லூரிகளுக்கு இடையே நடந்த போட்டியின் இறுதி ஆட்டத்தில். முதல் நாளே வலி இருந்திருக்கிறது, மறைத்து ஆடிவிட்டாள். அறிக்கையிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. இவர் ஆபீஸிலிருந்து வரும்போது இட்லி வாங்கி வந்தார். சட்னி புளித்திருந்தது.

ஜூன் 27, வியாழன்

இன்று தேர்வு. முப்பத்தொரு பிள்ளைகள் வந்தார்கள். உவரியிலிருந்து பெனிட்டா என்று ஒரு முதல் வருடப் பிள்ளை. ஐந்தடி பதினோரு அங்குலம். உயரத்தை மறைக்கிற மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டே நடக்கிறாள். ஆனால் பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது அது எங்கே விழும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிகிறது. அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

"இதுக்கு முன்னாடி எங்க ஆடியிருக்க?"

"ஸ்கூல்ல மிஸ். கடக்கரையில ரிங் கெடையாது. கம்பத்துல சைக்கிள் ரிம்ம கட்டி ஆடுவோம்."

பிவட் கிடைத்துவிட்டாள் என்று சந்தோஷமாகத் திரும்பினால், கேட்டுக்குப் பக்கத்தில் இசக்கி நிற்கிறாள். இப்போது மூன்றாம் வருடம். காலில் முழங்கால் பட்டை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இன்றுதான் மைதானத்துக்கு வருகிறாள்.

"புதுப் பிள்ள நல்லா குதிக்கா மிஸ்," என்றாள். "ஆனா எறங்கும்போது ஒத்தக் காலுல எறங்குதா. அத மட்டும் மாத்தணும்."

கால் எப்படி இருக்கிறது என்று நான் கேட்க வேண்டும். கேட்கவில்லை. பந்துகளை எண்ணி உள்ளே வைக்கப் போய்விட்டேன். எட்டுப் பந்து. எட்டும் இருந்தது.

ஜூலை 8, திங்கள்

பிரின்சிபால் மேடம் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர்கள் அறைக் கண்ணாடி அலமாரியில் தூத்துக்குடிக் கோப்பை நிற்கிறது. பதினொரு வருடத்துக்குப் பிறகு வந்த கோப்பை. இரண்டே பாயிண்டில் ஜெயித்தோம்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் விடுதி அறை பெறுகிறவர்கள் பட்டியல் ஆகஸ்ட் இருபதுக்குள் வேண்டுமாம். இசக்கி பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் புதுப் பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்றார்கள்.

"அவ இன்னும் ஒரு வருஷம் படிக்கணுமே மேடம். ஊரு கடையத்துக்கும் அங்கிட்டு. தினம் ரெண்டு பஸ் மாறி வரணும், அந்தக் காலோட."

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு எப்சிபா. ஆனா ஆட முடியாதவளுக்கு எப்படி ஒதுக்கீடு குடுக்கறது? அதுவும் விபத்துன்னா கமிட்டியில பேசலாம். அவளே வலியை மறைச்சு ஆடினான்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."

நான்தான் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

ஜன்னல் திரையெல்லாம் துவைத்துப் போட்டேன். நல்ல வெயில்.

ஜூலை 22, திங்கள்

பெனிட்டாவின் தோள் நிமிர ஆரம்பித்திருக்கிறது. இன்று எழுதிப் பார்த்த கணக்கு இது: முதல் கால்பகுதியில் நிஷா, தேவி, பெனிட்டா. இரண்டாவதில் பெனிட்டாவை ஐந்து நிமிடம் உட்காரவைத்து நிஷாவைப் பிவட்டுக்குத் தள்ளுவது. நிஷா உயரம் போதாது, ஆனால் தோளைக் கொடுத்து மறித்து நிற்பாள். மூன்றாவதில் மறுபடி பெனிட்டா. நாலாவதில் யாருக்குத் தெம்பு இருக்கிறதோ அவர்கள். உண்மையில் இரண்டாவது பிவட் என்று ஒருத்தி இல்லை. போன வருடமும் இல்லை. அதுதான் போன வருடத்துப் பிரச்சினையே.

இசக்கி தினமும் வருகிறாள். பெஞ்சில் உட்கார்ந்து வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்தை, ரீபவுண்டை, யார் எத்தனை முறை பிடித்தார்கள் என்று குறித்துக் கொடுக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளாகவே செய்கிறாள். பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறது. எனக்கு அந்தப் பெஞ்சுப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போகக் கஷ்டமாக இருக்கிறது. வீட்டிலிருந்து தனியாகப் பாட்டில் கொண்டுபோகிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கோயிலில் திருவிருந்து ஆராதனை. அப்பமும் ரசமும் வாங்க நான் எழுந்து போகவில்லை. வயிறு சரியில்லை என்று இவரிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பெனிட்டா ஓடும்போது இடது காலை இழுப்பது போலிருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். ஒன்றுமில்லை மிஸ் என்றாள். முன்னெலும்பில் விரலை வைத்து அழுத்தினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்து நாளாக வலிக்கிறதாம். நிஷாவுக்குத் தெரியும், மற்ற பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா லிஸ்ட்ல இருந்து எடுத்துருவீங்கன்னு பயந்தேன் மிஸ். ஹாஸ்டல் ரூமும் போயிரும்னாங்க."

எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்தேன். எனக்கு நிஜமாகவே கோபம். வலி என்றால் முதலில் என்னிடம்தான் வரவேண்டும், மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "கண்ணு முன்னாடியே பாத்துட்டு இருக்கீங்கல்ல, மறைச்சா என்ன ஆகும்னு," என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைகள் எல்லாரும் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இசக்கி கையிலிருந்த தாளை மடித்தாள். பிறகு பெனிட்டாவைப் பார்த்து, "மிஸ்ட்ட சொல்லிரணும்ட்டி. நான் சொல்லாம விட்டுத்தான் இப்பிடி ஆச்சு," என்றாள்.

குரலில் ஒரு குத்தலும் இல்லை.

பெனிட்டாவுக்குப் பத்து நாள் ஓய்வு. ஐஸ் ஒத்தடம்.

ஆகஸ்ட் 7, புதன்

இசக்கி சொல்லாமல் விடவில்லை, என்னிடம் சொன்னாள். அதை எழுதிவிடுகிறேன்.

இறுதி ஆட்டத்தில் மூன்றாவது கால்பகுதி. நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால். இசக்கி ஓடி வரும்போதே என்னைப் பார்த்து இரண்டு கையையும் உருட்டிக் காட்டினாள், மாற்றுங்கள் என்று. நான் இரண்டு விரலைக் காட்டினேன், இரண்டு நிமிடம் என்று. தலையாட்டிவிட்டு ஓடினாள். நான்கு நிமிடம் ஆகியும் நான் மாற்றவில்லை. ஐந்தாவது நிமிடம் ஒரு பந்துக்குக் குதித்து இறங்கினாள், எழுந்திருக்கவில்லை. அந்தப் பந்தை அவள் பிடித்திருந்தாள்.

கூட்டத்தில் வேறு யாரும் அந்தக் கையைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. பார்த்தது நானும் அவளும்தான். ஆறு மாதமாக அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. நேற்று எனக்காகப் பொய்யும் சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

புதன்கிழமை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிட்டவள் மாதிரி எழுதியிருக்கிறேன். அது பாதிகூட இல்லை.

அரையிறுதி வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆட்டம் முடிந்து வேனில் ஏறும்போதே இசக்கி என்னிடம் வந்து, கால் நடுவில் பூட்டிக்கொள்கிறது மிஸ் என்றாள். ஆக, வலியை முதல் நாளே சொல்லிவிட்டாள். சனிக்கிழமை காலை ஓர் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். இசக்கி வெளியே உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டுச் சொன்னார்: "உள்ள ஜவ்வு கொஞ்சம் கிழிஞ்சிருக்கும்போல தெரியுது. ஸ்கேன் பாக்காம மைதானத்துல இறக்காதீங்க. முழுசா போயிரும்."

முழுசா போயிரும் என்றார். இன்னும் காதில் இருக்கிறது.

வெளியே வந்து இசக்கியிடம், "கொஞ்சம் நீர் கோத்திருக்காம், பேண்டேஜ் கட்டி ஆடலாம்னு சொல்றாரு," என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சாயங்காலம் நானே கட்டிவிட்டேன். இறுக்கமா இருக்கா என்று கேட்டேன்.

எனக்குக் கோப்பை வேண்டியிருந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் அம்மா சண்முகத்தாய் வந்து நின்று, "எப்பிடி டீச்சர், எப்பிடி?" என்று அரற்றியபோது, "வலியை எங்கிட்ட மறைச்சுட்டாம்மா," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு அதையே அறிக்கையாக எழுதினேன். அப்போது வாய் தானாகச் சொன்னது என்று சொல்லிக்கொள்ள முடியாது. உட்கார்ந்து, யோசித்து, எழுத்துப்பிழை பார்த்து எழுதினேன்.

ஆகஸ்ட் 14, புதன்

பயிற்சி முடிந்து பிள்ளைகள் போனபிறகு இசக்கி நின்றாள்.

"மிஸ், மேட்சுக்குப் பத்து நிமிஷம் போதும். பெனிட்டா உக்காருத நேரம் மட்டும் நான் நிக்கேன். குதிக்க மாட்டேன், மறிச்சு மட்டும் நிக்கேன்."

"டாக்டர் டிசம்பர் வரைக்கும் கூடாதுன்னு சொல்லியிருக்காரேம்மா."

"தெரியும் மிஸ். ஆனா எங்கம்ம மார்ச்சுல இருந்து எங்கூடப் பேச மாட்டேங்கா. சோத்தப் போட்டு வச்சிட்டு அந்தப் பக்கம் போயிருதா. யூனிவர்சிட்டி டீமுக்குக் கூப்பிட்டாங்கல்லா, போயிருந்தா போலீஸ் வேலைக்கு வழி இருந்துருக்கும், பொய் சொல்லி எல்லாத்தையும் கெடுத்துட்டேன்னு தெருவுல உள்ளவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதா. நான் திரும்ப ஆடுததப் பாத்தா பேசுவா."

அவளே தொடர்ந்தாள். "அன்னைக்குக் கை காட்டுனத நான் யார்ட்டயும் சொல்லல மிஸ். சொல்லவும் மாட்டேன். கால் இம்புட்டு மோசம்னு உங்களுக்கும் தெரியாதுல்லா. தெரிஞ்சா எறக்கியிருப்பீங்களா?"

அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது இந்த நம்பிக்கையில்தான்.

"தெரியும்," என்றேன்.

"என்ன மிஸ்?"

"தெரியும் இசக்கி. டாக்டர் சொல்லிட்டாரு. ஜவ்வு கிழிஞ்சிருக்கும், ஆடக் கூடாதுன்னு சொன்னாரு. நான் உங்கிட்ட மாத்திச் சொன்னேன்."

சிரித்துவிடுவாள் போலிருந்தது. நான் விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று முகத்தைப் பார்த்தாள்.

"எப்ப சொன்னாரு?"

"அன்னைக்குக் காலையில."

"நான் வெளிய உக்காந்துருந்தேனே."

"ஆமா."

"மேட்சு சாயங்காலந்தான."

"ஆமா."

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முழங்கால் பட்டையைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நான் "என்னை மன்னிச்சிரும்மா" என்று ஆரம்பித்தபோது கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எங்கம்மட்ட ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு என்ன சொன்னீங்க?"

"நீ மறைச்சுட்டன்னு சொன்னேன்."

"ஊருக்கு வந்து எங்கம்மட்ட சொல்லணும். போன்ல வேண்டாம். நேர்ல வரணும்."

மிஸ் என்று சொல்லவில்லை. பட்டை கட்டிய காலை முன்னால் வைத்து, கேட் வரைக்கும் மெதுவாக நடந்து போனாள். நான் துணைக்குப் போகவில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போயிருமா என்று கேட்டார். அதன்பிறகு, அந்தப் பிள்ளை எப்படி நடக்குது என்று கேட்டார். அதை முதலில் கேட்டிருக்கலாமே என்று அவர்மேல் கோபம் வந்தது. கோபப்பட நான் யார்?

ஆகஸ்ட் 17, சனி

காலை பஸ்ஸில் கடையம் போய், அங்கிருந்து மினி பஸ். இசக்கி நிறுத்தத்தில் நின்றாள். முன்னால் நடந்தாள்.

தெருவில் நிழல் விழுந்த பக்கமாக நாலைந்து பெண்கள் மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். சண்முகத்தாய் என்னைப் பார்த்ததும் இலைத்தூளைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"வாங்க டீச்சர். உள்ள வாங்க. இந்த வெயிலுல இவ்வளவு தூரம்..."

"உள்ள வேண்டாம்மா. ஒரு விஷயம் சொல்லணும்."

சொன்னேன். பஸ்ஸில் வரும்போது வரிசையாகச் சொல்ல யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. உங்க பொண்ணு வலியை மறைக்கல, எங்கிட்ட சொன்னா, டாக்டர் வேண்டாம்னு சொன்னாரு, நான் அவகிட்ட பொய் சொல்லி ஆடவிட்டேன், அப்புறம் உங்ககிட்டயும் பொய் சொன்னேன். அவ்வளவுதான் வந்தது.

சண்முகத்தாய் தெருப் பெண்களைத் திரும்பிப் பார்த்தார். "மெதுவாச் சொல்லுதீங்களே டீச்சர்," என்றார். "இவங்க எல்லாத்துக்கும் கேக்கட்டும். இவங்க முன்னாலதான் நான் எம்மவளப் பொய்க்காரின்னு ஏசினேன். இன்னொருக்கச் சொல்லுங்க."

இன்னொரு முறை சொன்னேன். சத்தமாக. பீடி சுற்றுகிற கைகள் நின்றுவிட்டன. ஒரு பெண், "படிச்ச பொம்பள செய்யுத காரியமா இது?" என்றாள். யாரும் அவளை அடக்கவில்லை.

"கப்பு கெடச்சுதா?" என்று கேட்டார் சண்முகத்தாய்.

"கெடச்சுது."

"எங்க இருக்கு?"

"பிரின்சிபால் ரூம்ல."

கதவோரம் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். முகம் கோணியது. முந்தானையால் ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

"சாப்ட்டியாட்டி?" என்றார்.

இசக்கி தலையை ஆட்டினாள், இல்லை என்று. இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

நான் மினி பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். வழியெல்லாம் முதுகில் பார்வை இருந்தது. பஸ் வர ஒன்றே கால் மணி நேரம் ஆனது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பழைய அறிக்கை தவறானது என்று எழுதி, நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு பிரின்சிபால் மேடத்திடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்கள்.

"முடிஞ்சு போனதை இப்ப எதுக்குக் கிளப்பறீங்க? இசக்கி ரூம்தானே, நான் வேற வழியில பாத்துக்கறேன். இதை எடுத்துட்டுப் போங்க."

"அவ மேல தப்பு இல்லன்னு காகிதத்துல இருக்கணும் மேடம்."

"உங்க மேல இருக்கும். தெரியுமில்ல?"

"தெரியும்."

சாயங்காலம் தகவல் வந்தது. கமிட்டி கூடி முடிவெடுக்கும். அதுவரை நான் எந்த அணியோடும் போகக் கூடாது. கூடைப்பந்தை வரலாற்றுத் துறை கிளாடிஸ் மேடம் பார்த்துக்கொள்வார்கள். இசக்கிக்கு விடுதி அறை தொடரும், பெனிட்டாவுக்கும் ஓர் அறை உண்டு. அணிக் கணக்கு எழுதும் நோட்டை நிஷாவிடம் கொடுத்தேன். அவள் இரண்டு விரலால் வாங்கிக்கொண்டாள். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

செப்டம்பர் 12, வியாழன்

மண்டலப் போட்டி, முதல் ஆட்டம். அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனேன். எதிர்ப் பக்கப் படிக்கட்டில், வேறு கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன்.

கிளாடிஸ் மேடத்துக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. பக்கத்தில் இசக்கி. ஆட்களை மாற்றுவதெல்லாம் அவள் சொல்லித்தான் நடக்கிறது என்று பார்த்த உடனே தெரிந்தது. என் கணக்கை அவள் வைத்துக்கொள்ளவில்லை. பெனிட்டாவைத் தொடர்ந்து ஆறு நிமிடத்துக்கு மேல் நிற்கவிடவில்லை. நிஷாவைப் பிவட்டுக்குத் தள்ளாமல், எப்போதும் பெஞ்சிலேயே இருந்த ஒரு இரண்டாம் வருடப் பிள்ளையை இறக்கினாள். அந்தப் பிள்ளை தடுமாறினாலும் சமாளித்தாள்.

நாலாவது கால்பகுதி. மூன்று நிமிடம் பாக்கி. நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். பெனிட்டா ஒரு ரீபவுண்டுக்குக் குதித்து இறங்கும்போது கணுக்கால் லேசாக மடங்கியது. உடனே எழுந்து ஓடினாள், நன்றாகத்தான் ஓடினாள். ஆனால் இசக்கி எழுந்துவிட்டாள். அடுத்த விசிலிலேயே பெனிட்டா வெளியே. அவள் முடியும் முடியும் என்று கையை ஆட்டி ஏதோ சொன்னாள். இசக்கி காதில் வாங்கவில்லை. தரையில் உட்காரவைத்து, ஷூவைக் கழற்றி, காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கக்கூட இல்லை.

வளையத்துக்கு அடியில் உயரமான ஆள் இல்லாமல் நாலு பாயிண்டில் தோற்றோம்.

பெனிட்டா வெளியே வந்தபோது எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. மூன்று நிமிடம்தானே, விட்டிருக்கலாமே என்றுதான் தோன்றியது. அந்தத் தெருவில் நின்று இரண்டு முறை சொல்லிவிட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அப்படியும் எனக்கு அதுதான் முதலில் தோன்றியது.